பொந்தேங் அடிக்கவும் விசா வேண்டும்

1

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுவதாக இல்லை. அதனால் சூட்டோடு சூடாகவே எழுதுகிறேன். கிள்ளானில் இருந்துகொண்டு, "சிட்னி வாழ்க்கை எப்படி, சொர்க்கமாமே?" என்று வாட்ஸாப்பில் கேட்கும் அத்தனை பேருக்கும் இதுதான் பதில். பாலம், கடற்கரை, கங்காரு எதுவும் இதில் வராது. வேலைக்கு மட்டம் போடுவதைப் பற்றி எழுதப் போகிறேன். நாம் பொந்தேங் என்போமே, அதைப் பற்றித்தான்.

எல்லாம் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆரம்பித்தது. செவன் ஹில்ஸில் ஓர் உறைந்த உணவுக் கிடங்கில் பேக்கிங் வேலை எனக்கு. டீ நேரத்தில் கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தால் மகளின் பள்ளியிலிருந்து செய்தி. உங்கள் பிள்ளை இன்று வரவில்லை, காரணத்தைப் பதிலில் அனுப்பவும் என்று இருந்தது. காலையில் யூனிஃபார்ம் போட்டு, நான் கிண்டிக் கொடுத்த மீ கோரெங் நூடுல்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, என் கண் முன்னால் பஸ் ஏறிய பிள்ளை.

"பாரேன் இவள! பொந்தேங் அடிச்சிருக்கா!" என்று சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

எதிரே தர்சினி உட்கார்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். நான் இங்கே நிரந்தர வேலையில் இருக்கிறேன். அவள் ஏஜென்சி மூலம் வரும் கேஷுவல். முதல் நாள் சாயங்காலம் எஸ்.எம்.எஸ் வந்தால் மறுநாள் வேலை, வராவிட்டால் இல்லை.

"அது என்னக்கா பொந்தேங்?"

"மலாய்ச் சொல்லு. பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போகாம ஏமாத்துறது. எங்க ஊருல சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாருக்கும் இதே சொல்லுதான். இங்கிலீஷ் பேசுறப்பகூட 'ஹீ பொந்தேங் அகேன் லா'ன்னுதான் சொல்லுவோம்."

"நாங்கள் கள்ளமடிக்கிறது எண்டு சொல்லுவம்" என்று சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். சிரித்தாலும் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

அப்போது காபி எடுக்க வந்த ரமேஷும் எங்களோடு சேர்ந்துகொண்டான். சென்னைக்காரன், எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். "எங்க ஊர்ல மட்டம்க்கா. காலேஜ்ல கட் அடிக்கிறது. இங்க ஸ்கூலுக்கு வேக், ஆபீசுக்கு சிக்கி. இங்க வந்து நான் கத்துக்கிட்ட முதல் வார்த்தையே சிக்கிதான்!" என்றான். இந்தியா இங்கே விளையாட வந்தபோது தொண்டை கட்டிய குரலில் மேனேஜருக்குப் போன் செய்துவிட்டு, முகத்தில் மூவர்ணம் பூசிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போன கதையை நடித்தே காட்டினான். மறுநாள் மேனேஜர் அவன் முதுகில் தட்டி, மேட்ச் எப்படி என்று கேட்டாராம். இங்கே அது குற்றமே இல்லை, தேசியப் பழக்கம். தர்சினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

2

நானும் உத்தமி இல்லை. படிவம் நான்கில், பதினாறு வயதில், தோழிகளோடு பொந்தேங் அடித்து, கழிவறையில் சீருடையை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறிப் படம் பார்க்கப் போனவள்தான். மறுவாரம் சபைகூடலில் கட்டொழுங்கு ஆசிரியர் மைக்கில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மொத்தப் பள்ளியும் பார்க்க மேடைக்குப் போனோம். பையன்களுக்குத்தான் ரோத்தான் பிரம்படி. எங்களை வெயிலில் நிற்க வைத்தார். மயங்கி விழுவதுபோல் நடித்த தோழிக்கு மட்டும் தண்ணீர் கிடைத்தது.

வீட்டுக்குச் செய்தி போனபோது அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "காச்சலோடகூட நான் பெரட்டுக்குப் போயிருக்கேன்டி" என்று மட்டும் சொன்னார். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆளைக் கூப்பிட்டுப் பேர் பதியும் இடம். இது மலேசியாவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு முடியவில்லை என்றால் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரெசர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவருக்கு மனம் இருந்தால் அது காய்ச்சல். இல்லாவிட்டால் அது நடிப்பு, அன்றைய பேரும் கூலியும் போய்விடும். அம்மா கடைசியாக டிரெசரிடம் போனது என் தம்பி வயிற்றில் இருந்தபோதாம். நடிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் உடம்பு சரியில்லை என்று சொன்னதில்லை, எங்களிடம்கூட.

அந்த டிரெசரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

3

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எங்கடி போன?"

"வெஸ்ட்ஃபீல்ட் மால். வித் மை ஃப்ரெண்ட்ஸ். எவ்ரிபடி வேக்ஸ், மா. இட்ஸ் நாட் அ பிக் டீல்."

"தமிழ்ல சொல்லு."

"தமிழ்ல பிக் டீலுக்கு என்ன?"

எனக்கே சட்டென்று வரவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து அவள்மேல் கொட்டினேன். என் ஊரில் இதற்கு மேடையேற்றி மானத்தை வாங்குவார்கள் என்றேன். "தட்ஸ் அப்யூஸ்" என்றாள். பிறகு எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்: "ஜஸ்ட் ரிப்ளை சிக், மா. தே டோன்ட் செக்."

எதையும் சோதிக்க மாட்டார்களாம். எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறாள்! இங்கே பிறந்த பிள்ளை. தன் சொல்லை யாராவது சந்தேகப்படுவார்கள் என்கிற எண்ணமே அவளுக்குக் கிடையாது. நான் திட்டிக்கொண்டே 'உடம்பு சரியில்லை' என்று பள்ளிக்குப் பதில் அனுப்பினேன். அவள் சொன்னதுபோல யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

4

மறுநாள் லைனில் நிற்கும்போது தர்சினி குரலைத் தாழ்த்திப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, வாற வியாழன் என்னாலை வரேலாது. அவருக்கு பரமட்டாவிலை விசாரணை. லோயர் என்னையும் உள்ளுக்கை இருக்கலாம் எண்டவர். கதைக்கக் கூடாது, பக்கத்திலை இருக்கலாம். நான் இல்லாட்டி அவர் போன முறை மாதிரி வாயடைச்சுப் போயிடுவார்."

அவர் என்றது அவள் கணவன் குகனை. படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, இப்போது தற்காலிக விசாவில் வெளியே இருக்கிறார். அகதி விண்ணப்பம் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டுவிட்டது. இந்த விசாரணையிலும் கைவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

"இதுக்கா இவ்ளோ யோசிக்கிற?" என்றேன் நான். "ரமேஷ் அன்னிக்கு நடிச்சுக் காட்டினானே, அதேதான். காலையில போன் போட்டு வயித்தால போவுதுன்னு சொல்லு. வயித்தால போறத எவனும் வந்து பாக்க மாட்டான். பொந்தேங் அடிச்சிரு!"

அவள் கை நின்றுவிட்டது. உறைந்த பட்டாணிப் பொட்டலங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"என்னாலை பொய் சொல்லேலாது அக்கா."

"நான் மட்டும் அரிச்சந்திரனா? எல்லாரும் சொல்ற பொய்தான்."

"இல்லை, எங்களுக்கு ஏலாது" என்றவள், கன்வேயர் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டுச் சொன்னாள். நான் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் ஆர்மி குகனைப் பிடித்துக்கொண்டு போனது அவருடைய மாமா வீட்டிலிருந்து. முதல் நேர்காணலில் 'மாமா வீட்டில் வைத்துப் பிடித்தார்கள்' என்று சொன்னார். அடுத்த நேர்காணலில் 'மாமி வீட்டில்' என்று வாய் தவறாமலேதான் சொன்னார். மாமாவும் மாமியும் புருஷன் பெண்டாட்டி, ஒரே வீடு, ஒரே குசினி. நம்மில் எந்தக் குழந்தையும் இன்றைக்கு மாமா வீடு என்கும், நாளைக்கு மாமி வீடு என்கும். மொழிபெயர்ப்பில் அது அங்கிள் வீடு, ஆன்ட்டி வீடு என்று போயிற்று. இடத்தை மாற்றிச் சொல்கிறார், ஆகவே நம்பத்தகுந்தவர் அல்லர் என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்தது. மாமா வீட்டையே மாற்றிச் சொல்பவன் முதுகுத் தழும்பைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்கள்?

"லோயர் சொன்னவர், இனி நீங்கள் ரெண்டு பேரும் ஆரிட்டையும் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லக் கூடாதெண்டு. வேலை இடத்திலை, ஆஸ்பத்திரியிலை, பஸ்ஸிலைகூட. நாளைக்கு அதையும் எடுத்து வைப்பினமாம். அண்டைக்கு வருத்தம் எண்டு வேலைக்குச் சொல்லிப்போட்டு விசாரணையிலை இருந்தா, நான் பொய்க்காரி எண்டு ஆகிடும்."

வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். எனக்கு அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு நம் அர்த்தத்திலேயே கேட்டது.

ஊரே கூடிச் சிரித்து, முதுகில் தட்டிக் கொண்டாடுகிற பொய். என் மகள் கடைத்தெரு சுற்றச் சொல்கிற பொய். அதைச் சொல்ல இந்தப் பெண்ணுக்கு வழியில்லை. ஒரு வயிற்றுவலிக்குக்கூட வக்கில்லாமல் ஒருத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து யார் மண்டையிலாவது அடிக்கலாம் போல இருந்தது.

"சரி, உண்மையவே கேட்டுருவோம். ரமேஷ் நம்ம தமிழாளுதான்" என்றேன். தமிழாள் என்கிற அந்த நம்பிக்கை நமக்கு எங்கே போனாலும் விட்டுப் போவதில்லை, எத்தனை முறை பட்டாலும்.

5

நானும் கூடப் போனேன். ரமேஷ் மரியாதையாகத்தான் கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். தர்சினி ஒன்றையும் மறைக்கவில்லை. வியாழன், பரமட்டா, விசாரணை, கணவர் என்று எல்லாவற்றையும் சொன்னாள். விசாரணைக் கடிதத்தைக்கூட போனில் காட்டினாள்.

"அதெல்லாம் வேணாம்ங்க. போய்ட்டு வாங்க, ஆல் த பெஸ்ட். ஏஜென்சில நான் சொல்லிடுறேன்" என்றான்.

அவள் அவனுக்குக் கை கூப்பினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஏஜென்சியிலிருந்து எஸ்.எம்.எஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் இடத்தில் லைனில் வேறொரு பெண் வந்து நின்றாள். நான் போன் செய்தபோது, "நெட்வேர்க் பிழையோ தெரியேல்லை அக்கா, மற்ற சிம்மைப் போட்டுப் பாக்கிறன்" என்றாள். பாவி மகள், சிம்மின்மேல் பழியைப் போடுகிறாள்!

நேராக ரமேஷிடம் போனேன்.

"அவளுக்கு ஏன் ஷிப்ட் வரல?"

"அது ஏஜென்சி முடிவுக்கா."

"நீ என்னா சொன்ன ஏஜென்சியில?"

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவங்களோட அவைலபிலிட்டி ப்ராப்ளம்னு சொன்னேன். கோச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள்னுவாங்க, அப்புறம் அப்பீல், லோயர்னு இழுத்துக்கிட்டே போகும். பீக் சீசன்ல எனக்கு ஆள் வேணும். நாளைக்கு லைன் நின்னா என் கழுத்தத்தான் பிடிப்பாங்க."

"நீ கிரிக்கெட் பாக்கப் போனப்ப லைன் நிக்கலயா?"

"அது என் லீவுக்கா. என்டைட்டில்மென்ட்."

"பொய் சொல்லி எடுத்தியே!"

"சிக் லீவுன்னா அப்படித்தான். எல்லாரும் பண்றதுதானே?" என்றவன், குரலைத் தணித்து, நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு இதையும் சொன்னான்: "அவங்க பேசாம உடம்பு சரியில்லைன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் கண்டுக்கவே போறதில்ல. கேஸ், கோர்ட்னு எதுக்கு என்கிட்ட வந்து சொன்னாங்க?"

எனக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் கேட்டு வளர்ந்த மலாய்க் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு அது புரியவில்லை. என்னக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

ரமேஷ் அயோக்கியன் என்று எழுதி முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். அவன் அயோக்கியன் இல்லை. என் கார் நின்றுபோன அன்றைக்கு மழையில் வந்து தள்ளியவன். என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். நல்லவனாக இருந்துகொண்டே, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிட முடிகிறது இங்கே.

6

வியாழக்கிழமை விடிந்ததும் ரமேஷுக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பல் துலக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

"ரமேஷ், நான் இன்னிக்கு வரல. எனக்குக் காச்சல் இல்ல, வயித்துவலி இல்ல. கல்லு மாதிரி இருக்கேன். தர்சினிகூட பரமட்டா போறேன். நீ அவ வேலையப் புடுங்கினியே, அதுக்காகவும்தான் போறேன். பொந்தேங் அடிக்கிறேன். அப்படியே எழுதிக்கோ. மேனேஜர்கிட்டயும் சொல்லு."

வேலையை விட்டு நிறுத்துவேன் என்று சொல்லட்டும், மேனேஜர் கூப்பிடட்டும், யூனியன், சண்டை எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். சொல்லப்போனால் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"அக்கா, உங்க வாய்ஸே சரியில்ல. டென்ஷன் ஆகாதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டான்.

சமையலறையில் போனைப் பிடித்தபடி நின்றேன். என் மகள் கார்ன்ஃபிளேக்ஸை மென்றுகொண்டே, "ஆர் யூ வேகிங், மா?" என்றாள். ஆமாம் என்றேன். கண்ணை விரித்துப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். தமிழிலேயே சொன்னேன், முழுவதும் சொன்னேன். மாமா வீடு, மாமி வீடு என்று வந்தபோது, "பட் தட்ஸ் த சேம் ஹவுஸ்!" என்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் புரிகிறது. படித்த பெரிய மனிதர்களுக்குப் புரியவில்லை.

பரமட்டாவில் அந்தக் கட்டடத்தின் மாடி வராந்தாவில் தர்சினியும் குகனும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். குகனை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இரவல் கோட்டு, தோள் இறங்கியிருந்தது. இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உதடு லேசாக அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா வீடு. மாமா வீடு. மாமா வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தர்சினி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "வேலையை விட்டுட்டு ஏனக்கா வந்தனீங்கள்? உங்களுக்கும் பிரச்சினையெல்லோ?" என்று பதறினாள். ஒன்றும் ஆகாது, உட்கார் என்றேன். வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயை ஊற்றிக் கொடுத்தேன். குகன் வேண்டாம் என்று தலையசைத்தார். சொல்வதை நிறுத்தப் பயந்தாரோ என்னவோ.

முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவர்களிடமும் நான் கேட்பதில்லை.

அங்கே காத்திருந்தபோது என் போன் சத்தம் போட்டது. வேலையிடத்திலிருந்து செய்தி. உங்கள் நோய் விடுப்பு சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்டது, சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள் என்று இருந்தது. கீழே ஒரு பூங்கொத்துப் படம் வேறு.

தர்சினி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"வருத்தம் எண்டு சொன்னனீங்களோ அக்கா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன், உன்கூடத்தான் வரேன்னு சொன்னேன். ஒரு வரி மறைக்கல."

அவள் அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது இரக்கம், என்மேல்.

"அப்ப உங்களையும் நம்பேல்லையோ?"

ஆமாம், நம்பவில்லை. நம்பாமல்தான் எனக்குச் சம்பளமும் பூங்கொத்தும் கொடுத்திருக்கிறார்கள். அதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? உள்ளிருந்து ஒருவர் வந்து குகனின் முழுப் பெயரை நான்கு துண்டாக உடைத்துக் கூப்பிட்டார். அவர்கள் இருவரும் எழுந்து, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, உண்மை சொல்ல உள்ளே போனார்கள்.